உப்பில்லா நிவேதனம்

முதலில் மறைந்தது மைதானம். பிறகு மைதானத்தின் ஓரத்தில் நனைந்துகொண்டிருந்த கொடிகள், பிறகு எடை பார்க்கும் கூடத்தின் தகரக் கூரை, கடைசியில் என் காரின் முகப்பே மறைந்துபோய் நான்கு பக்கக் கண்ணாடியும் வெளுத்துவிட்டது. இனி வெளியே சேலம் இருக்கிறதா, ஐப்பசி மழை இருக்கிறதா, உலகம் என்ற ஒன்று இருக்கிறதா என்பதற்கு மேலே விழும் தூறலின் ஓசை ஒன்றுதான் சாட்சி. உள்ளே அனல். சூடான காற்று வரும் குமிழை இந்தக் காரை வாங்கிய நாள்தொட்டு நான் தொட்டதில்லை; கும்பகோணத்தில் அதை யார் தொடப்போகிறார்கள், அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. இன்று காலை என் மகளின் பயிற்சியாளர் மாஸ்டர் அருள்ராஜ்தான் குனிந்து அதைச் சிவப்புக் கோட்டின் எல்லைவரை திருகிவிட்டு, "வெயில் அடிச்சிருந்தா ஓடவிட்டே எடையை எறக்கியிருப்பேன் சார், மழை கெடுத்துருச்சு. இப்ப நமக்குக் கார்தான் அடுப்பு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். கருகிய தூசியின் நாற்றம் இன்னும் அகலவில்லை. பின்னிருக்கையில் என் மகள் வஞ்சுளா. உடம்பை ஒட்டிய பிளாஸ்டிக் சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் என்னுடைய மழைக்கோட்டு, தலையைச் சுற்றித் துண்டு. தலைக்கு மேலிருக்கும் சிறு கண்ணாடியில் பார்த்தால் முகம் என்று ஒன்றில்லை, துணிகளுக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் இருக்கின்றன. பளுதூக்கும் போட்டியில் அவளுடைய எடைப் பிரிவுக்குள் நுழைய வேண்டுமானால், அவள் உடம்பிலிருந்து இன்னும் ஒரு சிறு பித்தளைக் கிண்ணத்தின் எடை போயாக வேண்டும். கூடத்தில் எடை பார்க்கும் வரிசை முடிவதற்குள் அது வியர்வையாக வழிந்துவிட வேண்டும். வழிந்தால் மேடை ஏறுவாள், தேர்வுக் குழுவினர் பார்ப்பார்கள், தேசிய முகாமில் இடம் கிடைக்கும். வழியாவிட்டால், இத்தனை காலம் எங்கள் வீட்டில் மூன்று பேரும் உண்ணாமல் விட்டதெல்லாம் எதற்காக என்ற கேள்வியோடு ஊர் திரும்ப வேண்டும். ஒரு கிண்ணம். கடையில் அதை விரல் நுனியில் சுழற்றிக்காட்டுவேன்.

ஏறி உட்கார்ந்த புதிதில் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். "அப்பா, நீங்க எதுக்கு வேகுறீங்க? எறங்கிப் போய் ஒரு டீ குடிங்களேன்." "உன்னைத் தனியா விட்டுட்டா?" "நான் எங்க ஓடப்போறேன். ஓடுனாலும் நல்லதுதான், எடை குறையும்." சிரித்தபோது பிளாஸ்டிக் சரசரத்தது. "நம்ம கடையில நசுங்குன குடத்தையெல்லாம் பழைய விலைக்கு எடை போடுவீங்கள்ல, அந்த மாதிரி என்னையும் ஒரு ஓரமாப் போட்டுடுங்க." பேசினால் நா உலரும் என்று அதட்டினேன். உலர்வதற்குத்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்றாள். அதன்பின் பேச்சு குறைந்து, சொற்களுக்கு நடுவே இடைவெளி நீண்டு, இப்போது மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த மூச்சையும் கண்ணாடியையும் மாறிமாறிக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். வெண்மை திரண்டு துளியாகிறது. துளி தயங்கி, தன் பக்கத்துத் துளியைச் சேர்த்துக்கொண்டு, ஒரு கோடாக இறங்குகிறது. அதன்மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, ஏனெனில் அது என் மகள். காலையில் அவளுக்குள் இருந்தது அது. தோலைக் கடந்து, கம்பளியைக் கடந்து, காற்றில் ஏறி, கண்ணாடியில் போய்ப் பதிந்து, இதோ கதவின் ரப்பர் விளிம்பில் தேங்கி நிற்கிறது. துண்டால் துடைத்தேன். துண்டைப் பிழிந்தபோது காலடியில் சொட்டியது. யாரைப் பிழிந்தேன் என்ற நினைவு வந்ததும் கை கூசிற்று. துடைத்த இடத்தில் ஒரு கணம் உலகம் தெரிந்தது, குடை பிடித்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பதுபோல் இருந்தது, அதற்குள் மூடிக்கொண்டது. மீண்டும் துடைத்துப் பார்க்க மனம் துணியவில்லை. நின்றுகொண்டிருந்தாலும் அச்சம், இல்லாவிட்டாலும் அச்சம்.

எடை என் தொழில். கடைத்தெருவில் என் தந்தையார் வைத்த பாத்திரக் கடை. குடத்தை ஒரு கையால் தூக்கியதுமே அதன் எடையைச் சொல்லிவிடுவேன், எந்திரம் என்னைத் திருத்தியது குறைவு. அந்த எந்திரத்தைத்தான் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம், வஞ்சுளாவுக்காக. வீட்டில் தரை சமமாக இருந்தது பூஜை அறையில் மட்டும். அங்கேதான் வைக்க நேர்ந்தது. விடியலில் நீராடிவிட்டு வந்து அவள் அதன்மேல் ஏறி நிற்பாள். எதிரே விளக்கு, விளக்குக்குப் பின் பெருமாள், காலடியில் எண். முதலில் பெருமாளைப் பார்த்துவிட்டு எண்ணைப் பார்த்தாள். பிறகு எண்ணைப் பார்த்துவிட்டுப் பெருமாளைப் பார்த்தாள். எப்போது மாறிற்று என்று எனக்குத் தெரியாது. அவள் பின்னால் நின்று நானும் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் இறங்கிய நாளில் வீட்டில் பேச்சு இருக்கும். ஏறிய நாளில் என் மனைவி பத்மாசனி கோலத்தை முடிக்காமலே உள்ளே வந்துவிடுவாள், நான் கடைக்குப் போகும் வழியில் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். பெருமாள் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இருந்தார். அவர் முகத்தை வைத்து எதையும் அறிய முடியவில்லை என்பதை நான் அப்போது அருள் என்று எண்ணினேன்.

மாஸ்டர் அருள்ராஜ் முதல்முறை வீட்டுக்கு வந்த மாலை. பள்ளி விளையாட்டு விழாவில் யாரோ தூக்க முடியாமல் வைத்துவிட்டுப் போன இரும்பை இவள் தூக்கி ஓரமாக வைத்ததைப் பார்த்திருக்கிறார். முழங்கால் வலி உள்ளவர், குடையை ஊன்றிக்கொண்டு படியேறினார். "பொண்ணை என்கிட்ட குடுங்க சார். மாநிலம் முழுக்கத் திரும்பிப் பாக்க வைக்கிறேன்" என்றார். முகாமுக்குப் போனால் பிள்ளைகள் தாமே சமைத்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் விளையாட்டாகச் சொன்னேன்: "அதுக்கு உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது சார், சின்னப் பிள்ளை." அவர் சிறிதும் தயங்காமல், "உப்பே வேணாம் சார். இனிமே இவளுக்கு உப்பில்லாச் சாப்பாடுதான். உப்பு உடம்புல தண்ணியத் தேக்கும்" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்மாசனி சமையலறை வாயிலில் கையிலிருந்த கரண்டியோடு நின்றுவிட்டாள். எங்கள் ஊருக்கு அருகே கோயில் கொண்ட உப்பிலியப்பனின் கதை தெரிந்தவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார். துளசியின் அடியில் கண்டெடுத்த பெண்ணை மகளாய் வளர்த்தார் ஒரு முதிய முனிவர். கோலூன்றிய கிழவனாய் வந்து அவளைக் கேட்டான் பெருமான். கொடுக்க மனமில்லாத தந்தை, உப்பிட்டுச் சமைக்கவும் அறியாத சிறுபிள்ளை என்றார். உப்பில்லாமலே உண்பேன் என்றான் வந்தவன். இந்த மனிதருக்கோ அந்தக் கதை தெரியாது. ஞாயிறுதோறும் தேவாலயம் போகிறவர். தெரியாத வாயிலிருந்து அதே சொல் வந்ததனால்தான் அது அவன் சொல் என்று உறுதி கொண்டேன். பெண்ணைக் கொடுத்தேன். அந்தக் கதை அறியாத எந்தத் தந்தையும் செய்திருக்க முடியாத பிழை அது; அவனுக்கு அந்த இடத்தில் மெய்சிலிர்த்திருக்காது.

அன்றிலிருந்து வீட்டில் உப்பு இல்லை. அவள் ஒருத்திக்காக இரண்டு சமையல் எதற்கு என்று எங்களுக்கும் இல்லை. பிறகு சர்க்கரை இல்லை. பிறகு அவளுக்கு மணம் எட்டக்கூடாது என்று தாளிப்பு இல்லை. மார்கழியில் பொங்கல் செய்யாமல் பெருமாளுக்கு வெந்நீரும் துளசியும் வைத்தோம். ஒரு வருஷம்தானே, அவருக்குத் தெரியாதா என்றாள் பத்மாசனி. எதிர்வீட்டு ரங்கம்மாள், "உங்க வீட்டைப் பாத்தா ரிஷி ஆசிரமம் மாதிரி இருக்கு" என்றபோது எனக்கு உள்ளூர ஒரு நிறைவு உண்டானதை மறைக்கமாட்டேன். விரதம் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டோம். ஆனால் விரதத்துக்கு, முடித்து உண்ணும் பாரணை உண்டு, இதற்கு இருக்கவில்லை. விருந்தினர் வருவது நின்றது. என் தங்கை மகன் திருமணத்துக்கு நான் மட்டும் போய், சாப்பிடாமல் வந்தேன். ஒரு பகலில் கடையிலிருந்து எதிர்பாராமல் வீட்டுக்கு வந்தேன்; குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, கதவு ஒருக்களித்திருந்தது; உள்ளே பத்மாசனி நின்றவாறே ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சோறும் மாவடுவும் உண்டுகொண்டிருந்தாள். உண்ணும் ஓசை கேட்காதிருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். நான் பார்த்ததை அவள் பார்த்தாள். நான் கூடத்துக்கு வந்து அமர்ந்தேன். சிறிது நேரத்தில் குழாய் நின்றது. அந்த நிசப்தம் அதன்பின் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. நேற்று மாலை சத்திரத்து அறையில், மாஸ்டர் சொன்னதற்காக, மகளுடைய பின்னலைப் பத்மாசனி கத்தரித்தாள், அதுவும் எடைதானே. தலையில் மிஞ்சியதைச் சீவிவிட்டு, வெட்டிய பின்னலைக் கோயிலுக்குக் கொடுப்பதுபோல மஞ்சள் துணியில் சுற்றி வைத்தாள். வஞ்சுளா கண்ணாடியைப் பார்த்து, "அம்மா, நான் பாக்கறதுக்கு யாரு மாதிரி இருக்கேன்?" என்றாள். நாங்கள் யோசித்துக்கொண்டே இருந்தோம்.

கைபேசி அதிர்கிறது. பத்மாசனி, கூடத்திலிருந்து, வரிசையில் மகளுக்காக இடம்பிடித்து நிற்கிறாள். "என்னங்க, வேர்க்குதா?" கண்ணாடியில் வழிவதைப் பார்க்கிறேன். "நல்லா வேர்க்குது." "தண்ணி கேட்டாளா?" "கேக்கல." "கேட்டாலும் குடுத்துடாதீங்க. உங்க மனசு எனக்குத் தெரியும். நானும் காலைலேர்ந்து பச்சத்தண்ணி வாயில வைக்கல. இங்க முன்னாடி கொஞ்சம் பேருதான். ஜெயிச்சுட்டா நேரா உப்பிலியப்பன், துலாபாரம், இந்தத் தடவை தள்ளிப்போடக் கூடாது, சொல்லிட்டேன்." வைத்துவிட்டாள். துலாபாரம். குறைமாதத்தில் பிறந்தவள், என் கடையில் மிகச் சிறிய அண்டாவின் எடைகூட இல்லாமல், உள்ளங்கையில் ஏந்தினால் ஏந்தியது தெரியாது. அன்று வேண்டிக்கொண்டோம்: இவளைக் கனக்கச் செய், கனத்தபின் இவள் எடைக்கு எடை கற்கண்டு உன் தராசில் வைக்கிறோம் என்று. கனத்தாள். ஓடினாள், ஏறினாள், தூக்கினாள். போக எண்ணிய ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பயிற்சி, ஏதோ ஒரு தேர்வு. அவள் எடை முழுவதும் அவனுக்கு என்று சொல்லிவிட்டு ஒரு குன்றிமணிகூட வைக்கவில்லை. இப்போது இந்த அனலுக்குள் அமர்ந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது, தோன்றாமல் இருந்திருக்கலாம்: வராத எடையை அவனே வந்து எடுத்துக்கொண்டிருக்கிறானோ. விடியல்தோறும் பூஜை அறையில், அவன் கண்முன்னே, எண் இறங்கியபோதெல்லாம் இறங்கியது எங்கே போயிற்று. நாங்கள் மகிழ்ந்தோம். எதிர்த் தட்டில் சேர்ந்துகொண்டே வந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

கண்ணாடியில் ஒரு கை பதிகிறது. வெளியே மாஸ்டர், வெண்மைக்குள் அவர் வாய் மட்டும் அசைகிறது. "என்ன சார், வெந்துருச்சா, இன்னும் ஒரு கொதி விடணுமா?" கதவுப் பிடியில் கை வைக்கிறேன். "தொறக்காதீங்க, சூடு போயிரும். பாப்பா, கைய ஆட்டு." பின்னால் பிளாஸ்டிக் மெல்லச் சரசரக்கிறது, ஆட்டினாளா, சாய்ந்தாளா தெரியவில்லை. "பாத்தீங்களா, சிங்கம் சார் அவ. இன்னும் கொஞ்ச நேரம், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." கை விலகுகிறது. ஐந்து விரல்களின் தடம் நிற்கிறது, அதன் வழியே ஐந்து துண்டு மழை தெரிகிறது. கொடுமைக்காரர் அல்லர், அவள் முதல் பதக்கம் வாங்கிய அன்று குழந்தைபோல் அழுதார். அவரும் தராசின் ஒரு ஓரத்தில் நிற்பவர்தான். "வஞ்சு." மூச்சு. "வஞ்சும்மா, எப்படி இருக்கு?" நெடுநேரம் கழித்து, தொலைவிலிருந்து வருவதுபோல், "குளிருதுப்பா." குளிர்கிறதா, இந்த அனலிலா. நல்லதற்கா, கெட்டதற்கா, மாஸ்டர் இதைப் பற்றி ஏதும் சொல்லவில்லையே என்று எண்ணும்போதே அவள் இன்னொன்று கேட்கிறாள், குரலில் எந்த நடுக்கமும் இல்லாமல், கடைக்கு வந்தவர் யார் என்று விசாரிப்பதுபோல: "அப்பா, அந்தப் பக்கத் தட்டுல யார் உக்காந்திருக்காங்க?"

திரும்பிப் பார்க்கிறேன். இருக்கையில் அவள் ஒரு மூலையில் சாய்ந்திருக்கிறாள். மறுமூலையில் என்னுடைய பை, அவளுடைய காலணி. அவள் பார்வை என்மேல் இல்லை. அந்த மூலையில், பைக்குச் சற்று மேலே, ஒருவர் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் நிலைத்திருக்கிறது. வெற்று இருக்கையை நானும் பார்க்கிறேன், பார்க்கப் பார்க்க அது வெற்றாக இருப்பதற்குப் பாடுபடுவதுபோல் தெரிகிறது. நாராயணா என்று நா சொல்கிறது. சொன்ன வாய்க்கே அது யாரை அழைக்கும் பெயர் என்று ஐயம் வருகிறது. இவனா வந்து எடுப்பவன். தலபுராணத்தை ஏடு தேயப் படித்த கண்களால் இத்தனை வருடம் நான் எதைக் கண்டேன். கோலூன்றி வந்தான், பெண் கேட்டான், உப்பில்லாமல் உண்பேன் என்றான். உண்பேன் என்றான். அவன். அந்தச் சொல்லில் மனம் இடறி நிற்கிறது, நகர மறுக்கிறது, மீண்டும் வந்து இடறுகிறது. உப்பை விட்டது அவன். அவளிடமிருந்து உப்பை அவன் எடுக்கவில்லையே. அவள் சிறுபிள்ளை, அவளுக்குத் தெரியாது என்றதும், தெரியாததை அவள்மேல் சுமத்தாமல், குறையைத் தன் இலையில் வாங்கிக்கொண்டான். அதனால் அன்றோ இன்றும் அவனுக்கு உப்பில்லாத அமுது. நாங்கள் தலைகீழாகப் படித்தோம். அவன் துறந்ததை அவள் வாயிலிருந்து பறித்து அவன் பெயரைச் சொன்னோம். அந்தத் தட்டில் அமர்ந்திருப்பவன் அவனல்லன். அப்படியானால் அங்கே இருப்பது யார். கையை நீட்டி அவள் நெற்றியைத் தொடுகிறேன். உலர்ந்திருக்கிறது. கழுத்துக்குள், பிளாஸ்டிக்குக்கு உள்ளே விரலை விடுகிறேன். வெயிலில் காய்ந்த பித்தளைபோல் கொதிக்கிறது, ஒரு துளி ஈரம் இல்லை. என் கையோ சொட்டுகிறது. என் சட்டை, என் வேட்டி, என் தாடையின் நுனி, எல்லாம் சொட்டுகின்றன. கண்ணாடியில் இவ்வளவு நேரம் வழிந்துகொண்டிருந்தது நான். நல்லா வேர்க்குது என்று அவள் தாயிடம் சொன்னேன்.

கதவு திறந்ததும் மழையும் குளிரும் ஒன்றாக உள்ளே விழுகின்றன. "மூடுங்கப்பா, காத்து வருது" என்கிறாள். மூடவில்லை. மழைக்கோட்டை, கம்பளியை, அந்தச் சரசரக்கும் தோலை உரித்து எறிந்து அவளை வெளியே இழுக்கிறேன். இழுப்பதற்கு எதிராக எந்தக் கனமும் இல்லை என்பதை என் கைகள் அறிகின்றன, கைகள் இதுவரை பொய் சொன்னதில்லை. ஈரத் தரையில் அமர்ந்து மடியில் கிடத்துகிறேன். யாரோ ஓடிவருகிறார்கள், "டாக்டரைக் கூப்பிடுங்க" என்கிறேன், அவர் கூடத்தை நோக்கி ஓடுகிறார். என் குடிநீர்ப் புட்டியை உதட்டில் வைத்தால் உதடு இறுகிக்கொள்கிறது. கண் மூடியிருந்தும், நினைவு பாதி போயிருந்தும், உதடு மட்டும் காவல் நிற்கிறது. மேலே விழும் மழையைக்கூட அது உள்ளே விடவில்லை. நீர் தாடையில் வழிந்து போகிறது. கெஞ்சுகிறேன், அதட்டுகிறேன், வஞ்சு என்கிறேன், தாயே என்கிறேன். கூடத்தின் ஒலிபெருக்கி கரகரத்து ஒரு பெயரையும் ஓர் எடையையும் சொல்லி அழைக்கிறது. அவள் இமை துடிக்கிறது, எழப் பார்க்கிறாள், முடியவில்லை. புட்டியின் மூடியைக் கழற்றி அதில் சிறிதளவு நீர் வார்த்து, வேறெதுவும் தோன்றாமல், "தீர்த்தம்மா" என்கிறேன். அவள் வலது கை தானாக எழுகிறது. இடது கை அதன் அடியில் வந்து தாங்குகிறது. நடக்கக் கற்ற வயதிலிருந்து ஒருமுறையும் மறுத்தறியாத கைகள். குழிந்து, நடுங்கி, என் முன் நிற்கின்றன. வார்க்கிறேன். குடிக்கிறாள். தொண்டை அசைகிறது. மிஞ்சிய ஈரத்தை வெட்டப்பட்ட தலையில் தடவிக்கொண்டு மறுபடி கையை நீட்டுகிறாள். மீண்டும் வார்க்கிறேன். மூடியை எறிந்துவிட்டுப் புட்டியிலிருந்தே அவள் கைக்குள் ஊற்றுகிறேன், அவள் குடித்துக்கொண்டே இருக்கிறாள். ஒலிபெருக்கி அதே பெயரை மீண்டும் அழைக்கிறது, வஞ்சுளா, கும்பகோணம், என்று ஒவ்வொரு எழுத்தாக. கண்ணைத் திறந்து, என்னை யாரென்று தேடுவதுபோல் பார்த்து, "யாரைக் கூப்பிடறாங்க?" என்கிறாள். கூடத்து வாயிலிலிருந்து பத்மாசனி மழையில் எங்களை நோக்கி ஓடிவருவது தெரிகிறது. "யாரோ ஒரு பொண்ணைம்மா" என்கிறேன். "நீ குடி."